ரவிக்கு, லூகா பிரெசெல் பற்றி

அன்புள்ள ரவி,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கும் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். சின்னவள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள், சாயங்காலங்களில் வீடு வெறிச்சென்று இருக்கிறது. அதனால் பழைய ஸ்னூக்கர் ஆட்டங்களை மறுபடி பார்க்க நேரம் கிடைக்கிறது.

சரி, நீ போகிற போக்கில் எழுதிய வரிக்கு வருகிறேன். பெல்ஜியத்து ஸ்னூக்கர் வீரர் பிரெசெல் 2023இல் உலக சாம்பியன் ஆனது வெறும் அதிர்ஷ்டம், மறு வருஷமே முதல் சுற்றில் வெளியே போனார் என்று எழுதியிருந்தாய். இதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு குரூசிபிள் அரங்கில் 1977இலிருந்து உலகப் போட்டி நடக்கிறது. 2023 வரை பிரிட்டனுக்கு வெளியிலிருந்து வந்து அங்கே ஜெயித்தவர்கள் மூன்றே பேர்: கனடாவின் தோர்பர்ன், அயர்லாந்தின் டோஹர்டி, ஆஸ்திரேலியாவின் ராபர்ட்சன். ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்து ஒருவரும் இல்லை. உங்கள் ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதி ஒட்டப்பட்ட ஆட்டம், பிரிட்டனுக்குப் பக்கத்திலிருக்கும் பெல்ஜியத்துக்குப் பட்டமாகப் போய்ச் சேர அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

பிரெசெல் 14 வயதில் ஐரோப்பிய 19 வயதுக்குட்பட்டோர் சாம்பியன். 2012இல், 17 வயதில், குரூசிபிளில் ஆடிய மிக இளையவர் ஆனார். அன்றே எல்லாரும் ‘எதிர்காலம் இவன்தான்’ என்று முத்திரை குத்திவிட்டார்கள். அந்தச் சுமை லேசானதா? அந்த வருஷம் முதல் சுற்றில் மாகுவயரிடம் 10–5 ஃபிரேம் (ஒரு மேட்ச்சுக்குள் வரும் தனித்தனி ஆட்டம்) கணக்கில் தோல்வி. 2017இல் மார்கோ ஃபூவை எதிர்த்து 7–1 என்று முன்னிலையில் இருந்து 10–9 தோற்றார். பார்த்தவர்களுக்கே வயிற்றைப் பிசைந்த தோல்வி அது. 2023க்கு முன் ஐந்து தடவை குரூசிபிளுக்குப் போயும் ஒரு மேட்ச்கூட ஜெயித்ததில்லை.

அவர் ஆட்டம் அப்படி. தூரத்துச் சிவப்புப் பந்து தெரிந்தால் சேஃப்டி (எதிராளிக்கு வாய்ப்பு விடாத தற்காப்பு அடி) ஆடிக் காத்திருக்க மாட்டார், அடித்துவிடுவார். தவறினால் மேசை எதிராளி கையில். நீண்ட மேட்ச்களில் அதற்காகவே காத்திருப்பவர்கள் உண்டு. 2023இலும் அவர் அந்த ஆட்டத்தை மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கு அவரைப் பிடித்ததே அதனால்தான்.

முதல் சுற்றில் வால்டனை 10–9 என்று தப்பிப் பிழைத்து ஜெயித்தார், அடுத்து மார்க் வில்லியம்ஸை 13–11. காலிறுதியில் ஏழு முறை உலக சாம்பியனான ரோனி ஓ’சலிவனிடம் 6–10 என்று பின்தங்கியிருந்தவர், கடைசி செஷனில் (நீண்ட மேட்ச்சைப் பிரித்து ஆடும் ஒரு பகுதி) தொடர்ந்து ஏழு ஃபிரேம் எடுத்து 13–10 என்று முடித்தார். ரோனிக்கு எதிராக! அரையிறுதியில் 20 வயது சீன வீரர் சி ஜியாஹுய் 14–5 என்று முன்னே போய்விட்டார். இன்னும் மூன்று ஃபிரேம் எடுத்தால் போதும். அங்கிருந்து பிரெசெல் வரிசையாகப் பதினொன்று எடுத்தார், முடிவு 17–15. குரூசிபிளில் அதைவிடப் பெரிய மீட்சி அதுவரை கிடையாது.

இறுதியில் எதிரே நாலு முறை உலக சாம்பியனான மார்க் செல்பி. முதல் நாள் இரவே செல்பி 147 அடித்தார், அதாவது ஒரே மூச்சில் எடுக்கக்கூடிய முழுப் புள்ளி; உலக இறுதிப் போட்டியில் அப்படி அடித்தது அதுவே முதல் தடவை. மற்றவர்களாக இருந்தால் அதிலேயே ஒடுங்கிப் போயிருப்பார்கள். மறுநாள் முதல் செஷன் முடிவில் பிரெசெல் 15–10. செல்பி விடாமல் துரத்தி 16–15 வரை வந்தார், ஆனாலும் 18–15 என்று கோப்பை பெல்ஜியத்துக்கு. கடைசி ஃபிரேமில் பிரெசெல் அடித்தது செஞ்சுரி, ஒரே மூச்சில் நூறுக்கு மேல்.

அதிர்ஷ்டத்தால் ஒரு ஃபிரேம் கிடைக்கலாம் ரவி, வரிசையாகப் பதினொன்று கிடைக்குமா? அப்புறம், 2017இல் சைனா சாம்பியன்ஷிப், 2021இல் ஸ்காட்டிஷ் ஓபன் எல்லாம் ஏற்கெனவே அவர் கையில் இருந்தன. ஸ்காட்டிஷ் ஓபன் இறுதியில் வீழ்த்தியது ஜான் ஹிக்கின்ஸை!

2024இல் கில்பர்ட்டிடம் 9–6 முன்னிலையிலிருந்து 10–9 தோற்றது உண்மைதான், எனக்கும் வலித்தது. ஆனால் குரூசிபிளில் முதல் முறை பட்டம் வென்ற யாருமே அதுவரை மறு வருஷம் அதைத் தக்கவைத்ததில்லை. இவரை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்?

சி ஜியாஹுய் மேட்ச்சின் மூன்றாவது செஷனை மட்டும் ஒரு தடவை பார். 14–5லிருந்து 14–10 ஆன இடம். பார்த்துவிட்டு எழுது, அப்போதும் அதிர்ஷ்டம் என்றால் சண்டை போடலாம்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
செல்வம்