பச்சைக் கோழி எருவை அப்படியே கொட்டுகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிழங்குக்கு மண் கொத்தும் காலம் வந்தால் எங்கள் நானுஓயாப் பக்கம் விடியும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும், கோழி எரு லொறி வந்துவிட்டதென்று. குருநாகல், புத்தளம் பண்ணைகளிலிருந்து ஏற்றி வருகிறார்கள். 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளையை நிறுத்திய அந்தச் சில மாதங்களில் ஒரு மூடை எருவுக்கு நாங்கள் பட்ட பாடு தனிக்கதை.

லயத்துக்குப் பின்னால் துண்டுக் காணியில் லீக்ஸும் கரட்டும் போடுகிறவன் நான். எருவைக் குறை சொல்ல எழுதவில்லை. இந்தச் சரிவில் மழை மேல்மண்ணை வழித்துக்கொண்டு போகிறது. எரு போடாவிட்டால் கரட் விரல் பருமன்கூட வராது. அதைப் பச்சையாகவே பாத்தியில் கொட்டுகிறோமே, அதுதான் என் கவலை.

கோழிக்குக் கொடுக்கும் டெட்ராசைக்கிளின் போன்ற அன்டிபயோட்டிக்கில் பெரும்பகுதி எச்சத்தோடு வெளியே வந்துவிடுகிறது. மருந்தாவது மண்ணில் மெல்லச் சிதையும். அந்த மருந்துக்குத் தப்பிப் பிழைத்த கிருமிகளும் கூடவே வருகின்றனவே! தப்பும் வித்தை அவற்றின் மரபணுவில் இருக்கிறது. பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் வைத்து, வேறு இனக் கிருமிக்கும் அதைக் கைமாற்றிவிடும், பக்கத்துக் காம்பராவுக்குக் கறி கொடுத்தனுப்புகிற மாதிரி.

மருந்துக்குத் தப்பவைக்கும் இந்த எதிர்ப்பு மரபணுக்கள் மண்ணுக்குப் புதிதில்லைதான். 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற அன்டிபயோட்டிக் கிடைத்ததே மண் நுண்ணுயிரிலிருந்து; மருந்தைச் சுரக்கிற நுண்ணுயிர் தானும் அதற்குத் தப்ப வேண்டுமே. 30,000 ஆண்டு பழைய உறைமண்ணிலும் எதிர்ப்பு மரபணுக்களைக் கண்டிருக்கிறார்கள். அதற்காக, போகத்துக்குப் போகம் மூடை மூடையாகக் கொண்டுவந்து சேர்க்கலாமா? எங்கள் பாத்தியில் வழியும் தண்ணீர் கொத்மலை ஓயா வழியே மகாவலிக்குப் போகிறது.

போன வருஷம் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று. முதலில் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. சோதித்துப் பார்த்து டொக்டர் வேறு மருந்து எழுதினார். அதற்கும் எங்கள் பாத்திக்கும் முடிச்சுப் போடமாட்டேன். ஆனால் மருந்துக்கு அடங்காத கிருமி என்றால் என்னவென்று அன்றுதான் விளங்கியது.

எருவோடு மானாப்புல்லைக் கலந்து குவித்து, மூடி வைத்து, இடையிடையே புரட்டிவிட்டால் உள்ளே 55 பாகைக்கு மேல் சூடேறும். அந்தச் சூடு சில நாள் நின்றால் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் சாகும். எதிர்ப்பு மரபணுக்களும் ஓரளவு குறையும், முழுக்க ஒழியாது. சரி, ஐந்து பேர்ச்சஸ் காணிக்காரன் குவியலை எங்கே வைப்பான்? தோட்ட நிர்வாகமோ பிரதேச சபையோ பொதுவாக ஒரு கொட்டகை போட்டுத் தந்தால் போதும், புரட்டுவதை நாங்கள் முறைவைத்துப் பார்த்துக்கொள்வோம். அப்புறம், கோழிக்கு என்ன மருந்து கொடுத்தார்கள் என்று மூடையிலேயே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். லொறிக்காரரிடம் கேட்டால் சிரிக்கிறார்.

இப்படிக்கு,
மரக்கறிச் செய்கையாளர் ஒருவர்,
நானுஓயா