வாட்டம் பார்க்காமல் கட்டும் வாறுகால்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தூத்துக்குடியில் கட்டட மேஸ்திரியாக இருக்கிறேன். மழைநீர் வாறுகால், அதாவது வடிகால், வேலை நடக்கும் தெருக்களில் நின்று பார்ப்பது என் வழக்கம். சுவர் நேராக எழும்புகிறது, கம்பியும் சரியாகக் கட்டுகிறார்கள். தண்ணீர் ஓடுவதற்குக் கொடுக்கும் சரிவை, அதாவது வாட்டத்தைத்தான் யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை.

குளியலறைத் தரையில் அரை விரல் வாட்டம் தவறினாலே தண்ணீர் மூலையில் தேங்கிவிடும். எங்கள் ஊரே அப்படிப்பட்ட தட்டைத் தரை. மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் வாட்டம் கொடுத்தாலும் ஒரு கிலோமீட்டர் முடிவில் வாறுகால் ஒரு மீட்டர் கீழே போயிருக்க வேண்டும். கடலை ஒட்டிய ஊரில் அந்த ஒரு மீட்டர் கிடைப்பதே அரிது. அதனால் கடைசி முனையின் மட்டத்தை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து மேல்நோக்கித்தான் கட்டி வர வேண்டும். இங்கே தெருவுக்கு ஓர் ஒப்பந்தம், ஆளுக்கொரு மட்டம். எங்கள் தெருவின் புது வாறுகால், அது போய்ச் சேரும் பழைய வாறுகாலைவிடத் தாழ்வாக இருக்கிறது. நானே தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்து மட்டம் பிடித்துப் பார்த்தேன். ஒரு சாண் தாழ்வு! முன்பு காலிமனை மணலில் இறங்கிய மழை, இப்போது மேட்டுத் தெருக்களிலிருந்து சிமெண்ட் வழியாக விரைந்து வந்து எங்கள் வாசலில் பொங்குகிறது.

2023 டிசம்பர் வெள்ளத்துக்கு வாறுகாலைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஒரு ஹெக்டேரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். போதாததற்குக் கோரம்பள்ளம் குளமும் உடைந்தது. அதைத் தாங்கும் வாறுகாலை யாராலும் கட்ட முடியாது. ஆனால் சாதாரண ஐப்பசி மழைக்கே தண்ணீர் நாள்கணக்கில் நிற்கிறதே, அது நாம் கட்டியதன் குறைதான்.

ஊர்த் தண்ணீரைச் சுமக்கும் பக்கிள் ஓடை திரேஸ்புரத்தில் கடலைச் சேர்கிறது. முகத்துவாரத்தில் மணலும் குப்பையும் அடைத்திருக்க, ஊருக்குள் தூர்வாரி என்ன பயன்? கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் தாழ்ந்த தெருக்களின் தண்ணீர் தானாக வடியாது. அங்கே நிரந்தரமாக நீரேற்று மோட்டார் வைக்க வேண்டும். ஒவ்வொரு மழைக்கும் டீசல் மோட்டாரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

சாலை விஷயமும் இதில் சேர்ந்ததே. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார். எங்கள் பகுதியில் அதற்குப் பிறகும் பழைய தார் மீதே புதுத் தார் போட்டார்கள். இன்று பல வீடுகளின் வாசற்படி சாலைக்குக் கீழே கிடக்கிறது. வயதானவர்கள் மணல் மூட்டை அடுக்குவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

வாறுகால் வேலை நடக்கும் ஒவ்வொரு தெருவிலும் தொடக்க மட்டம், முடிவு மட்டம், தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்ற மூன்றையும் பலகையில் எழுதி வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் மேட்டு முனையில் ஒரு லாரி தண்ணீரை ஊற்றி, அது மறுமுனையில் வெளியேறுவதைத் தெருக்காரர்கள் முன்னிலையில் காட்டிய பிறகே ஒப்பந்தக்காரருக்குப் பில் தொகையைக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கட்டட மேஸ்திரி,
தூத்துக்குடி