கைப்பேசித் தம்பூராவும் உன் மிருதங்கமும்

அன்புள்ள முரளி,

நலம்தானே? பினாங்கில் எல்லாரும் நலம். மூத்தவளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, அம்மாவுக்கு முட்டிவலிதான் படுத்துகிறது. நீ பிரிக்ஃபீல்ட்ஸுக்கே வீடு மாறியது நல்லது, இனி வகுப்புக்காக நெரிசலில் கார் ஓட்ட வேண்டாம்.

சரி, போனில் நீ கேட்டதற்கு வருகிறேன். கைப்பேசியில் தம்பூரா செயலியை ஒரு கட்டை சுருதிக்கு வைத்தால், அந்தத் துளியூண்டு ஸ்பீக்கரால் கீழ் ஷட்ஜத்தை, அதாவது கீழ் ‘ஸ’வை, எப்படிக் கொடுக்க முடிகிறது என்றாய். அது கொடுப்பதே இல்லை என்று வைத்துக்கொள். ஒரு கட்டை ஷட்ஜம் நொடிக்கு ஏறக்குறைய 131 அதிர்வு. ஸ்பீக்கரிலிருந்து தெளிவாக வருவதெல்லாம் அதன் மடங்குகளான 262, 393, 524, 655 இவைதான். இவற்றுக்கெல்லாம் பொதுவாக 131 இருப்பதை மூளை கண்டுபிடித்து அதையே சுருதியாக நமக்குக் கேட்க வைக்கிறது. வராத ஷட்ஜத்தோடு சேர்ந்துதான் பாடிக்கொண்டிருக்கிறோம்!

காதே அதை உண்டாக்கலாமே என்பாய். உட்காதில் நத்தை ஓடுபோல் சுருண்ட காக்ளியாவுக்குள் சுமார் 35 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு சவ்வு இருக்கிறது, வாசல் பக்கம் மேல் சுருதிக்கும் உள்கோடி கீழ் சுருதிக்கும் அதிகமாக அதிரும். இந்தச் சவ்வை ஆராய்ந்த பெக்கேஷிக்கு 1961இல் நோபல் பரிசு. ஆனால் 1972இல் ஹவுட்ஸ்மா, கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு மடங்கை இடக்காதிலும் அடுத்த மடங்கை வலக்காதிலும் தனித்தனியாக விட்டுப் பார்த்தார்கள். அப்போதும் கொடுக்காத அடிச்சுருதி, நம் 131 மாதிரி, கேட்டது. இரண்டு காதுக்கும் வந்தது ஒன்றுசேர்வது மூளையில்தானே? அப்புறம் 2005இல் மார்மோசெட் குரங்கின் மூளையில் அதற்கான நரம்பணுக்களையே கண்டார்கள், அடிச்சுருதியைத் தனியாகக் கொடுத்தாலும் அதை எடுத்துவிட்டு மடங்குகளை மட்டும் கொடுத்தாலும் அவை துடித்தன.

உன் வாத்தியத்திலும் இதே சங்கதிதான், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். வெறும் தோலைத் தட்டினால் வரும் அதிர்வுகள் மடங்கு மடங்காக அமையாது, மூளைக்குப் பிடி கிடைக்காது, அதனால் ஸ்வரமாகக் கேட்காமல் சத்தமாகவே நின்றுவிடும். மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையில் கரணை, அதுதான் நடுவில் பூசிய கறுப்பு வட்டம், இருப்பதால் அவை மடங்குகளாக ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன என்று சி.வி.ராமன் 1920இலேயே எழுதிவிட்டார். கரணையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசி, தேய்த்து, தட்டிக் கேட்டு, மறுபடி பூசி, காதாலேயே இதைப் பிடித்துவிட்ட மிருதங்கம் கட்டுகிறவர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வருகிறாய்தானே? மிருதங்கத்தைக் கொண்டு வா. நீ மீட்டுவதைப் பதிவு செய்து, கணினியில் கீழ் அதிர்வை மட்டும் வெட்டிவிட்டுக் கேட்டுப் பார்க்கலாம்.

அன்புடன்,
செல்வா