முடியை விடு, காதைப் பார்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் நீ அழுததைக் கேட்டு, பாப்பாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போனேன். கடைசியில் பார்த்தால் முடிக்கு நீலச் சாயம், காதின் மேல்பக்கம் ஒரு வளையம். பிளஸ் டூ பரீட்சை முடித்த பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கிறாள், மாப்பிள்ளை குதிக்கிறார், நடுவில் நீ. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

"நம்ம குடும்பத்துல இப்படி யாரும் செஞ்சதில்லை" என்றாயே, எந்தக் குடும்பத்தைச் சொல்கிறாய்? என் ஆச்சிக்கு, அதாவது உன் பூட்டிக்கு, பாம்படம் தோளில் இடிக்கும். சிறு வயதிலேயே காதைக் குத்தி, குனுக்கு மாட்டி, எடையைக் கூட்டிக்கூட்டி இழுத்து வளர்த்த காது. வளர்க்காதவளை ஊர் கேலி செய்தது. அப்புறம் காலம் மாறி, வளர்த்த காதே கேலியாகிவிட்டது. நான் நர்ஸ் வேலையில் சேர்ந்த புதிதில், தொங்கும் காதை அறுத்துத் தைத்துக்கொள்ள வந்த பெண்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். கூட்டி வந்தவர்கள் பெரும்பாலும் மகனோ மகளோதான். வெட்கம் அவர்களுக்கு!

உன்னையும் சாஸ்தா கோயிலில் மொட்டை போட்டு, மாமா மடியில் உட்கார வைத்துத்தான் ஆசாரி காது குத்தினார். நீ வீறிட்ட சத்தத்தில் மேளம் கேட்கவில்லை. உன்னிடம் யார் சம்மதம் கேட்டார்கள்? இவள் பாவம், கேட்டுவிட்டுச் செய்கிறேன் என்கிறாள்.

ஆகவே மானம், மரியாதை, சொந்தக்காரர்கள் என்ற பேச்சை என்னிடம் கொண்டுவராதே. எனக்குக் கவலை காதின் மேல்பக்கம்தான். கீழ்மடல் வெறும் சதை, ஒன்றிரண்டு மாதத்தில் ஆறிவிடும். மேலே இருப்பது குருத்தெலும்பு. அதற்கென்று ரத்தக்குழாய் கிடையாது, மேலே மூடியிருக்கும் சவ்விலிருந்துதான் ஊட்டம் போகவேண்டும். அதனால் ஆறுவதற்கு ஆறு மாதமோ ஒரு வருஷமோகூட ஆகும். சீழ் பிடித்தால் குருத்தெலும்பு கரைந்து காது சுருங்கிவிடும், பழைய வடிவம் திரும்பாது. பொட்டுக்கடை மாதிரி இடங்களில் துப்பாக்கி வைத்து டப்பென்று அடிப்பார்கள், அது வேண்டவே வேண்டாம். பிரித்துப் போட்ட புது ஊசியால் குத்துகிற இடமாகப் பார். நிக்கல் கலந்த கவரிங் கூடாது, டைட்டானியம் போடச் சொல். காது சிவந்து சூடாக வலித்தால் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு உட்காராமல் அன்றைக்கே டாக்டரிடம் போ.

இன்னொன்று. உன் தம்பிக்குத் தோளில் ஊசி போட்ட இடம் தடித்து வளர்ந்ததே, ஞாபகமிருக்கிறதா? அது கெலாய்டு, குடும்பத்தில் வரக்கூடியது. பாப்பாவுக்குப் பழைய காயம் எங்கேயாவது அப்படித் தடித்திருக்கிறதா என்று பார். இருந்தால் வளையம் வேண்டாம் என்று நானே அவளிடம் பேசுகிறேன். ஆச்சி சொன்னால் கேட்பாள்.

முடிக்கு ஏன் இத்தனை சண்டை? மாதம் ஒரு சென்டிமீட்டர் போல வளருகிற சாமான். நம் கறுப்பு முடியில் நீலம் நேராக ஏறாது. முதலில் பெராக்சைடு வைத்து வெளுக்க வேண்டும், அதில்தான் முடி வறண்டு உடையும், தோலில் பட்டால் எரியும். அதனால் நுனியில் மட்டும் செய்யச் சொல். சில வாரத்தில் நீலம் வெளிறிப் பச்சையாகத் தெரியும், அவளுக்கே அலுத்துவிடும். கல்லூரியில் ஆட்சேபித்தால் நுனியை வெட்டினால் போயிற்று.

மாப்பிள்ளையிடம் ஒன்று பக்குவமாகச் சொல். அவர் மாதாமாதம் தலைக்கும் மீசைக்கும் அடிக்கிற கறுப்பு மையும் சாயம்தான். அந்த மாதிரிக் கறுப்பு மையில் பெரும்பாலும் பிபிடி என்ற ரசாயனம் இருக்கும், சிலருக்கு அதனால் முகமே வீங்கிவிடும். காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து இரண்டு நாள் பார்த்துவிட்டு அடிக்கச் சொல். பாப்பாவுக்கும் அதே சோதனை.

சாயம் போட்ட முதல் வாரம் அவளுக்குப் பழைய தலையணை உறையைக் கொடு. நீலம் ஒட்டினால் போகாது.

அம்மா