வடநெம்மேலியில் எங்கள் மாணவர்களுக்கு விளக்கமளித்த பெரியவருக்கு நன்றி

கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு எங்கள் ஏழாம் வகுப்பு மாணவர்களை அழைத்துச் சென்றபோது, அதே வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் நஞ்சு எடுக்கும் மையத்தில் பொறுமையாக விளக்கமளித்த பெரியவருக்கு, ஆசிரியர்கள் சார்பில் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம். தம் பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

வாய் கட்டிய மண்பானையிலிருந்து கண்ணாடி விரியனை அவர் கொக்கியால் எடுத்தபோது, அது உடலை உப்பவைத்துக் குக்கர் விசில்போலச் சீறியதில் முன்வரிசையே பின்வாங்கியது. (பின்வாங்கியவர்களில் ஆசிரியர்களும் உண்டு.) குவளையின் வாயில் கட்டிய சவ்வை அது கடித்ததும் உள்ளே வழிந்த மஞ்சள் நிற நஞ்சைக் காட்டி, அதைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் இரத்தத்திலிருந்து நஞ்சுமுறி மருந்து தயாரிப்பதையும், பிடித்த பாம்பைச் சில வாரங்களே வைத்திருந்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, மீண்டும் காட்டில் விடுவதையும் எளிய சொற்களில் விளக்கினார். பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டுப் பிழைப்பிழந்த தம் மக்களுக்காக 1978இல் இச்சங்கம் தொடங்கப்பட்டதையும் சொன்னார்.

கடித்த இடத்தை வாயால் உறிஞ்சலாமா என்று ஒரு மாணவி கேட்டதற்கு, “உறிஞ்சாதே, கீறாதே, கயிறு இறுக்கிக் கட்டாதே, நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போ, கண்ணு” என்றார். பாடநூலைவிட அந்த ஒரு பதில் தெளிவாக இருந்தது. மாணவர்கள் வரைந்த படங்களை மைய முகவரிக்கே அனுப்பியிருக்கிறோம். ஐயா அவற்றை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறோம்.