கைலித் துணியில் ஒரு பரங்கிக்காய்

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அமெரிக்காவில் அக்டோபர் 31 ஹாலோவீனுக்கு எல்லாரும் பரங்கிக்காயில் முகம் செதுக்கி வைப்பார்கள், நான் துணியிலேயே பரங்கிக்காய் செய்து வைக்கிறேன் என்று நீ கேட்ட துணி பார்சலில் வருகிறது. குறிஞ்சிப்பாடி கைலி இரண்டு: ஆரஞ்சுக் கட்டம் ஒன்று, பச்சைக் கட்டம் ஒன்று. ஆரஞ்சு காய்க்கு, பச்சை இலைக்கு. ஊசி நூல் வேண்டாம். அங்கே எல்லாரும் எடுக்கும் பசைத் துப்பாக்கியையும் தொடாதே. சூடான பசை மெல்லிய பருத்தியில் ஊறி வெளிப்பக்கம் கறையாகத் தெரியும், அப்புறம் போகவே போகாது. திணித்தும் கட்டியும் செய்தால் நவம்பர் கடைசியில் பிரித்துத் துவைத்து மடித்து வைக்கலாம்.

வெட்டும் முன் கைலியை நனைக்காதே. புதுத்துணியின் கஞ்சிதான் மடிப்பை நிறுத்தும். இஸ்திரி மட்டும் போடு. 2 மீட்டர் கைலியில் 55 செ.மீ. சதுரம் ஆறு கிடைக்கும். கட்டத்தின் கோட்டைப் பிடித்து வெட்டினால் ஓரம் கோணாது.

உள்ளே வைக்க, பிரிக்காத டாய்லெட் பேப்பர் ரோல் ஒன்று போதும். அதை அப்படியே சுற்றினால் டப்பா மாதிரிதான் இருக்கும். பழைய டவலில் 6 செ.மீ. அகலப் பட்டை கிழித்து, ரோலின் இடுப்பில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி ரப்பர் பேண்டு போடு. வயிறு புடைத்து நிற்கும். பிறகு ஒரு கயிற்றால் அள: அடிப்பக்கத்தின் நடுவிலிருந்து வயிற்றின் மேலாக ஏறி, மேல் ஓட்டையின் வாய் வரை. அதோடு 5 செ.மீ. கூட்டி இரண்டால் பெருக்கினால் சதுரத்தின் பக்கம். சாதாரண ரோலுக்கு 55 சரியாக வரும். அந்த ஊர் மெகா ரோலுக்குச் சில சென்டிமீட்டர் கூடத் தேவைப்படலாம், அதனால் அளந்த பிறகே கத்தரியை எடு.

சதுரத்தை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, ரோலை நட்டநடுவில் நிறுத்து. நான்கு மூலைகளில் ஒன்றைத் தூக்கி ஓட்டைக்குள் விரலால் தள்ளு. அடுத்தது அதற்கு எதிர் மூலை. பிறகு மற்ற இரண்டு. அதன்பின்தான் நடுவில் தொங்கும் துணியைச் சின்னச் சின்ன மடிப்பாகப் பிடித்து உள்ளே விடவேண்டும், அதுவும் எதிரெதிராக. கார் சக்கரத்தின் நட்டை முடுக்குவது போலத்தான். ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போனால் மிச்சத் துணி முழுக்கக் கடைசிக் கால் பாகத்தில் வந்து குவியும், காய் ஒரு பக்கம் வீங்கும். வெட்டிய ஓரமெல்லாம் ஓட்டைக்குள் மறைந்துவிடுவதால் நூல் பிரிந்தாலும் கவலையில்லை, மடித்துத் தைக்கும் வேலையும் இல்லை. பாலியஸ்டர் துணி வேண்டாம், வழுக்கி வெளியே எகிறும்.

காம்புக்கு, கீழே விழுந்து நன்றாகக் காய்ந்த குச்சி, 8 செ.மீ. நீளம், கட்டைவிரல் கனம். பச்சைக் குச்சி என்றால் சாறு இறங்கித் துணியில் பழுப்பாகும். அந்தக் குச்சிதான் ஆப்பு, உள்ளே போன மூலைகளை இறுக்கிப் பிடிக்கும். ஆடினால் ஒரு துணித்துண்டைச் சுற்றிச் செருகு. ஹாலோவீனுக்குச் செதுக்கும் பரங்கியின் காம்பு கெட்டியாக, ஐந்து பட்டையாக இருக்கும். காய்ந்த அசல் காம்பு கிடைத்தால் அதைவிட அழகு வேறில்லை.

ரோல் இல்லாமல் சின்னக் காயும் செய்யலாம். 45 செ.மீ. விட்டத்தில் வெட்டிய துணி வட்டத்தின் நடுவில் பழைய தலையணைப் பாலியஸ்டர் பஞ்சு 60 கிராம் வைத்து, ஓரத்தை அள்ளிச் சேர்த்து ரப்பர் பேண்டால் இறுக்கு. பஞ்சைக் கட்டியாக வைக்காமல் பிய்த்துப் பிய்த்து வை, இல்லாவிட்டால் மேடு பள்ளமாகத் தெரியும். இலவம் பஞ்சு நெசவின் இடுக்கில் வெளியே வந்து பேரனுக்குத் தும்மல் வைக்கும். அடுத்து 2 மீட்டர் சணல் கயிறு. கழுத்தில் முடிந்து, அடிவரை இறக்கி மறுபக்கம் ஏற்று. இப்படி நான்கு சுற்றில் எட்டுப் பள்ளம் விழும். அடியில் கயிறு குறுக்கே வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு முறுக்குக் கொடு, இல்லையென்றால் நழுவும். எல்லாப் பள்ளமும் சமமான பிறகு இறுக்கு. காய் தானாகத் தட்டையாகும், பரங்கிக்கு அந்தத் தட்டைதான் லட்சணம்.

இலைக்குப் பச்சைத் துண்டைக் கெட்டியான சோற்றுக் கஞ்சியில் நனைத்து, தட்டில் ஒட்டிக் காயவைத்து வெட்டு. சணலையும் அதே கஞ்சியில் முக்கிப் பென்சிலில் சுற்றிவிடு. காய்ந்ததும் உருவினால் சுருள் கொடி. நம் ஊர் ஐப்பசி ஈரத்தில் இது நமுத்துப் பூஞ்சை பிடிக்கும். உங்கள் ஹீட்டர் வீட்டில் அந்தப் பிரச்சினை இல்லை.

கண், வாய் எதுவும் ஒட்டாதே. முகம் வைத்தால் அக்டோபர் 31-ஓடு சரி. முகம் இல்லாவிட்டால் தேங்க்ஸ்கிவிங் என்ற உங்கள் ஊர் நன்றி சொல்லும் நாள் வரை, அதாவது நவம்பர் நான்காம் வியாழன் வரை, மேசையில் இருக்கலாம். பக்கத்தில் மெழுகுவர்த்தி கூடாது, பேட்டரி விளக்கு போதும். ரோல் வைத்த காயை வாசல் படியில் வைக்காதே, ஒரு மழைக்கே உள்ளே கூழாகிவிடும்.

சணல் ஒரு உருண்டை கைலிக்குள் சுருட்டி வைத்திருக்கிறேன். பிரிக்கும்போது பார்த்து எடு.

அன்புடன்,
அம்மா