ஆண்ட்ரூ வாட்சன்: திருத்தமும் விடுபட்டதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் ஸ்காட்லாந்தின் அந்தக்காலக் கால்பந்து வீரர் ஆண்ட்ரூ வாட்சனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தேவையான கட்டுரைதான். ஆனால் குயின்ஸ் பார்க் அணியில் அவர் சம்பளத்துக்கு ஆடியதாகப் போட்டிருப்பது தவறு. அன்று அது அமெச்சூர் கிளப், ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஸ்காட்லாந்தில் ஆட்டக்காரர்கள் பணம் வாங்கலாம் என்று அனுமதி வந்ததே 1893-ல்தான். அவர் ஆஸ்திரேலியாவில் இறந்தார் என்பதும் பழைய கதை. கப்பல் இன்ஜினியராக வேலை பார்த்து, 1921-ல் லண்டனில் காலமானார். கல்லறை ரிச்மண்டில் இருக்கிறது.

பிரிட்டிஷ் கயானாவில் 1856-ல் பிறந்த வாட்சன்தான் சர்வதேசப் போட்டியில் ஆடிய முதல் கறுப்பின வீரர். 1881 மார்ச் 12, ஓவல் மைதானம்: ஸ்காட்லாந்துக்காக முதல் ஆட்டத்திலேயே கேப்டன், இங்கிலாந்துக்கு எதிராக 6-1 வெற்றி. சொந்த மண்ணில் இங்கிலாந்து இதைவிடப் பெரிய வித்தியாசத்தில் இன்றுவரை தோற்றதில்லை. இரண்டு நாள் கழித்து வேல்ஸை 5-1, மறு ஆண்டு கிளாஸ்கோவில் மீண்டும் இங்கிலாந்தை 5-1. அத்தோடு சரி. 1882-ல் அவர் லண்டனுக்குக் குடிபோனார். ஸ்காட்லாந்தில் இருப்பவர்களை மட்டுமே தேர்வாளர்கள் எடுத்தார்கள். ஆட்டம் மங்கியதால் கழற்றிவிடப்பட்டவர் அல்ல.

அவர் ‘பேக்’ ஆக, அதாவது பின்வரிசைத் தடுப்பாட்டக்காரராக, எப்படி ஆடியிருப்பார் என்பதைத்தான் கட்டுரை தொடவே இல்லை. அன்றைய அணிவரிசை 2-2-6. ஆறு பேர் முன்னால், பின்னால் இரண்டே இரண்டு பேக். இது எப்படித் தாக்குப்பிடித்தது? ஆஃப்சைடு விதிதான் காரணம். பந்து பாஸ் ஆகும் நேரத்தில், பந்துக்கு முன்னால் நிற்பவனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியில் மூன்று பேர் இருக்க வேண்டும்; இல்லையென்றால் அவன் ஆஃப்சைடு, அந்தத் தாக்குதல் செல்லாது. கோல்கீப்பர் (கோலி) ஒருவர், பின்தங்கிய பேக் ஒருவர் என்றால், முன்னே ஏறி நிற்கும் இன்னொரு பேக்தான் மூன்றாமவர். அவரைத் தாண்டி நின்றாலே ஆஃப்சைடு. தப்பித்தவறி ஒருவன் பந்தோடு வந்துவிட்டாலும் பின்னால் காவலுக்கு ஆள் உண்டு.

1925-ல் விதியில் அந்த மூன்று பேர் இரண்டு பேரானது, கணக்கு தலைகீழாயிற்று. கோலியும் பின்தங்கிய பேக்குமே அந்த இருவராகிவிடுவார்கள். இப்போது பின்தங்கும் பேக்தான் எதிரணிக்கு வழிவிடுகிறான். தூத்தூர், வள்ளவிளை பக்கம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) ஆடிப் பழகிய பையன்கள் லெவன்ஸில் (பதினொரு பேர்) தடுமாறும் இடமும் இதுவே. செவன்ஸில் ஆஃப்சைடு கிடையாது. பேக் கோலிக்குப் பக்கத்திலேயே நின்றாலும் கேடில்லை. லெவன்ஸில் மூன்று பேர் கோடாக முன்னேற, நான்காமவன் பத்து மீட்டர் பின்னால் நின்றால் ஆஃப்சைடு காட்டும் லைன்ஸ்மேன் கொடி ஏறாது. பையன்கள் அவரோடு சண்டைக்குப் போவார்கள்.

அடுத்த முறை அணிவரிசையைப் படமாகப் போடுங்கள். இரண்டு பேக்கையும் ஒரே கோட்டில் மட்டும் வரைந்துவிடாதீர்கள்.

கால்பந்து பயிற்சியாளர்கள் சிலர்,
தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்.